கிரெவாசியோவின் பச்சைக்கல் விடுதி

எங்கள் கம்பிண்டா ஊரில் மாப்பிள்ளையாக வருகிறவனுக்கு மூன்று வேலை. மனைவி வீட்டுக் காட்டைக் கொத்த வேண்டும், பிள்ளை கொடுக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நிலம் பெண்களுடையது. பிள்ளைகள் தாய் வழியில் சேருகிறவர்கள். அந்தப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பொறுப்பாளி, கூடப் பிறந்த ஆண். கல்யாணம் கட்டி வந்தவன் எத்தனை வருஷம் இருந்தாலும் வந்தவன்தான். கிரெவாசியோ வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் ஊர்க்கூட்டத்தில் கடைசி வரிசையில்தான் உட்காருகிறான்.

அவன் என் தங்கை எனெலேசியின் கணவன். நான் தாமியானோ. எங்களுக்கு மூத்தவள் வெலோனிகா அக்கா, ஊர்த் தலைவி. இரண்டு சகோதரிகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் நான் பொறுப்பாளி. எனக்கு முன்கோபம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. கிரெவாசியோவுக்குக் கோபமே வராது. அது பல நாள் எனக்கு எரிச்சலாக இருந்திருக்கிறது.

பதினெட்டு வருஷம் அவன் ஏரிக்கரையில் ஒரு விடுதியில் வேலை பார்த்தான். முதலில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினான். பிறகு அறை கூட்டினான். கடைசியில் சமையலுக்குப் போனான். மாதக் கடைசியில் சோப்பும் சர்க்கரையும் கருவாடும் கட்டிக்கொண்டு மலையேறி வருவான். இரண்டு நாள் இருப்பான், திரும்பிப் போய்விடுவான். எனெலேசி பொறுமைசாலி. "என் புருஷன் மாசத்துல ரெண்டு நாளைக்குத்தான் மாப்பிள்ளை, மத்த நாளெல்லாம் ஏரிக்கு மாப்பிள்ளை" என்று சிரிப்பாள்.

அவள் செத்துப்போனது இரண்டாவது பிரசவத்தில். அதை நான் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் கிரெவாசியோவின் கதையைச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

எங்களிடம் ஒரு முறை உண்டு. பிரசவ வலி வந்த பெண்ணை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால் பொறுப்பாளியின் வாய்ச்சொல் வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல ஒருவன் வேண்டாமா, அதற்காக வைத்த முறை. அன்று காலையில் நான் ஆடு விற்கச் சந்தைக்குப் போயிருந்தேன். ஆடு பத்து மணிக்கே விற்றுப்போனது. அதன் பிறகு பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்து குடித்தேன். வீட்டில் வலி விடிவதற்கு முன்பே வந்திருக்கிறது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி சொல்லியிருக்கிறாள். சுகாதார நிலையம் மலைக்கு அந்தப் பக்கம், பன்னிரண்டு கிலோமீட்டர். சைக்கிள் தயாராக நின்றது. எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். வெலோனிகா அக்கா ஊருக்குத் தலைவிதான், ஆனால் அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கும் உரிமை கிடையாது. நான் வந்து சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. "கொண்டு போங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். ஆற்றைக் கடக்கும்போது எனெலேசி போய்விட்டாள். பிள்ளையும்தான்.

கிரெவாசியோ மறுநாள் வந்தான். அழுதான். மண் போட்ட பிறகு அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"எப்ப வலி வந்துச்சு, அக்கா?"

"கோழி கூவுறப்ப."

"எப்ப கிளம்புனீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். அவனும் என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப்பற்றி அவன் என்னிடம் பேசியதில்லை. அவன் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி, அதோடு தீர்ந்திருக்கும். அவன் திட்டவில்லை. வருஷக்கணக்காக நான் அந்தத் திட்டுக்குக் காத்திருந்தேன்.

மனைவி செத்தால் மாப்பிள்ளை தன் தாய் ஊருக்குத் திரும்பிவிடுவதுதான் வழக்கம். கிரெவாசியோ திரும்பவில்லை. அந்த வருஷக் கடைசியில் ஏரிக்கரை வேலையை விட்டுவிட்டு, பெட்டியோடு எங்கள் ஊருக்கே வந்தான். மகள் மாகிரேதாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. பிள்ளைக்காக வந்திருக்கிறான் என்று நினைத்தோம். அவன் மனதில் வேறொன்றும் இருந்தது.

ஊர்க்கூட்டத்தில் பேச அனுமதி கேட்டான். மாப்பிள்ளை பேசுவதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். அக்கா கையமர்த்தினாள்.

"சுகாதார நிலையத்துக்குப் பக்கத்துல ஒரு வீடு கட்டணும்," என்றான். "மாசம் நெருங்குன பொம்பளைங்க முன்னாடியே போயி அங்க தங்கிக்கலாம். வலி வந்தா நாலு எட்டு வச்சா நர்ஸம்மா. யாரும் சைக்கிள்ல சாக வேண்டாம்."

"வீடு கட்டலாம் மாப்பிள்ளை. அங்க மாசக்கணக்கா உக்காந்திருக்கறவளுக்குக் களி யாரு கிண்டுறது? மாவு யாரு குடுக்கறது?" என்றாள் அக்கா.

"அதுக்குத்தான் இன்னொண்ணு கட்டணும். இங்க, நம்ம ஊர்ல. விருந்தாளிங்க தங்க ஒரு விடுதி. அருவி இருக்கு, பறவை இருக்கு, மாமரத்து நிழல் இருக்கு. ஏரிக்கு வர்றவங்க ரெண்டு நாள் மலைக்கு வரமாட்டாங்களா? அதுல வர்ற வருமானம் அந்த வீட்டுக்கு."

"எங்க தங்க வைப்ப? அரண்மனையா கட்டப்போற?" என்றேன் நான்.

"பச்சைக்கல்லு சுவரு. விழல் கூரை."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. நான் எல்லோருக்கும் மேலாகச் சிரித்தேன். பச்சைக்கல் என்றால் சூளையில் வைக்காத கல். எங்கள் ஊரில் அதில் ஆட்டுக்கொட்டகை கட்டுவோம், அடுப்படி கட்டுவோம். கையில் நாலு காசு சேர்ந்தவன் முதலில் செய்கிற காரியம், கல்லைச் சூளை வைத்துச் சுட்டு, தகரம் போட்டு ஒரு வீடு கட்டுவதுதான்.

"வெள்ளைக்காரனை ஆட்டோட சேத்துப் படுக்க வைக்கப் போறியாய்யா மாப்பிள்ளை? ஏரிக்கரை வெயில்ல மண்டை காஞ்சுபோச்சா?" என்றேன்.

"அவங்க கேக்கறதே அதைத்தான் மச்சான். நான் வேலை பாத்த இடத்துல தகரம் போட்ட அறை காலியா கிடக்கும். மண்ணு வீட்டுக்குத்தான் அடிதடி. உள்ள குளுகுளுன்னு இருக்கும்."

"அப்ப அவங்க ஊர்ல மண்ணே கிடையாதா?" என்று ஒரு கிழவர் கேட்டார். மறுபடி சிரிப்பு. கிரெவாசியோவும் சிரித்தான். ஆனால் உட்காரவில்லை. சிரிப்பு ஓயும்வரை நின்றுகொண்டே இருந்தான். அப்புறம் முதலிலிருந்து மறுபடி சொன்னான்.

அப்படியே மூன்று வருஷம் சொன்னான். கல்யாண வீட்டில் சொன்னான், சாவு வீட்டில் சொன்னான். காடு கொத்தும்போது பக்கத்து வரிசைக்காரனிடம் சொன்னான். ஒரு நோட்டில் வட்டவட்டமாக ஐந்து அறை வரைந்து வைத்திருந்தான். அதைக் காட்டாத ஆள் கிடையாது. கடைசியில் அக்காவுக்கே அலுத்துவிட்டது. "குடுத்துத் தொலைங்கடா அந்த மாந்தோப்பை, இந்த மனுஷன் வாய் மூடட்டும்" என்றாள். விடுதிக்கு அவன் கேட்ட அந்தத் தோப்பு எங்கள் தாய் வழி நிலம். என் சம்மதமும் வேண்டும். நான் தலையாட்டினேன். எனெலேசிக்கு நான் பட்ட கடனில் ஒரு துளி என்று நினைத்துத்தான் ஆட்டினேன்.

அதன் பிறகு அவன் தூங்கினானா என்றே எனக்குச் சந்தேகம். மாந்தோப்பில் கயிறும் முளைக்குச்சியுமாகத் திரிந்தான். ஒரு மரத்தைக்கூடத் தொடாமல் மரத்துக்கு மரம் நடுவே அறை வருகிற மாதிரி வட்டம் போட்டான். ஒரு வட்டம் ஒரு வேரின் மேல் விழுந்தது என்று நாலு நாள் வேலையைக் கலைத்துவிட்டு மறுபடி குச்சி அடித்தான். அறைக்கு முழங்கால் உயரம் கல் அடித்தளம், அதன் மேல் இரண்டு முழ அகலத்தில் பச்சைக்கல் சுவர், சுவரை மழை தொடாதபடி கீழே இறங்கின கூரை. கழிவறையில் தண்ணீர் வேண்டாம், சாம்பல் போதும். விளக்குக்கு வெயில். எல்லாம் அந்த நோட்டில் இருந்தது.

லிலோங்வே நகரத்திலிருந்து, காடு காக்கிற ஊர்களுக்கு உதவுகிற ஒரு சங்கத்து அம்மாள் வந்து பார்த்தாள். பெயர் தாவினா. எங்கள் நாட்டின் வடக்குப் பகுதிப் பெண், இளம் வயது, பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. கிரெவாசியோவின் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"கதவு, ஜன்னல், தண்ணித் தொட்டி, சூரிய விளக்கு நாங்க தர்றோம். விருந்தாளிங்களையும் அனுப்புறோம்," என்றாள். "ரெண்டே நிபந்தனை. ஒரு மரம் வெட்டக் கூடாது. ஒரு கல்லுகூடச் சுடக் கூடாது. சூளைக்கு மரம் வெட்டி வெட்டித்தான் இந்த மலையெல்லாம் மொட்டையாயிருக்கு. அதைச் செய்யாத ஊருன்னு சொல்லித்தான் நான் உங்களுக்கு இதெல்லாம் வாங்கிக் குடுக்க முடியும்."

"சரிங்கம்மா," என்றோம் எல்லோரும். நானும் சொன்னேன். நல்ல உரக்கவே சொன்னேன்.

அந்தக் குளிர்காலத்தில் ஊரே கல் அறுத்தது. முப்பத்தொரு வீடு. பெண்கள் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள், ஆண்கள் மண்ணை மிதித்துக் குழைத்தார்கள், அச்சில் போட்டுத் தட்டி வெயிலில் வரிசையாகக் காயவைத்தோம். இருபதாயிரம் கல். காய்ந்ததையெல்லாம் அடுக்கி விழல் போட்டு மூடினோம். அத்தனை வருஷத்தில் கிரெவாசியோவை நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. தாவினா அம்மாள் ஒரு மாதத்தில் திரும்ப வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

அந்த நேரத்தில் அவன் தாய் இறந்துபோனாள். சேதி வந்த அன்றே கிளம்பினான். தாய் ஊர் தூரம், சடங்கெல்லாம் முடிந்து வர மூன்று வாரம் ஆகும். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்லு நனையாம பாத்துக்குங்க மச்சான்" என்றான்.

நான்கு நாள் கழித்துப் பருவம் தப்பிய தூறல் பிடித்தது. நிற்காத தூறல். ஒரு வீட்டு அடுப்படிச் சுவர் ஊறி விழுந்தது. அதில் ஒரு கோழிதான் செத்தது, ஆனால் ஊர் நடுங்கிப்போனது. காரணம் உண்டு. முந்தின வருஷப் புயல் மழையில் பக்கத்து ஊரில் பச்சைக்கல் சுவர் விழுந்து ஒரு தாயும் பிள்ளையும் படுத்த பாயிலேயே போயிருந்தார்கள். மண்ணைத் தோண்டி அவர்களை எடுத்தவர்களில் நானும் ஒருவன்.

அக்கா வீட்டு முற்றத்தில் கூடினோம்.

"நம்மளை நம்பி வந்து படுக்கறவன் மேல சுவரு விழுந்தா?" என்றேன். "விருந்தாளியைக் கொன்ன ஊருன்னு பேரு வாங்கவா இவ்வளவு பாடுபட்டோம்?"

"அந்தம்மா சுடக் கூடாதுன்னுச்சே?" என்றாள் ஒருத்தி.

"மலை மரத்தைத்தானே வெட்டக் கூடாதுன்னாங்க. நம்ம வாசல் மரம் நம்மது. யாரு கேக்கப்போறா?"

இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஆனால் அன்று அங்கிருந்த ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. விருந்தாளி வந்தால் கோழி அடிக்கிற ஊர் இது. நாம் பாய் இல்லாமல் படுத்தாலும் அவனுக்குப் பாய் விரிக்க வேண்டும். அவனை ஆட்டுக்கொட்டகைச் சுவருக்குள் படுக்கவைப்பது எல்லோருக்கும் உள்ளுக்குள் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அவர்கள் மண் வீடு கேட்பது மரியாதைக்காக, நம்மைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பதற்காக என்று அக்கா சொன்னாள். எல்லோரும் ஆமாம் என்றோம். கிரெவாசியோ கேட்டால் பச்சைக்கல் போதும் என்றுதான் சொல்வான், மாப்பிள்ளை அல்லவா, ஊரிடம் அதிகம் கேட்க அவனுக்குக் கூச்சம். நாமாகவே செய்துவிட்டால் மகிழ்ந்துபோவான். இப்படியெல்லாம் பேசிக்கொண்டோம்.

வீட்டுக்கு ஒரு மாமரம் என்று முடிவானது. முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள். மார்கழி, தை மாதங்களில் பழைய மாவு தீர்ந்து புதுச் சோளம் வராத காலத்தில் எங்கள் பிள்ளைகள் பசியாறுவது மாங்காயில்தான். அது தெரிந்துதான் கொடுத்தார்கள். அக்கா தன் வாசலில் நின்ற பெரிய மரத்தைக் கொடுத்தாள். தோப்பு விடுதிக்குக் கொடுத்த இடம் என்பதால் அதைத் தொடவில்லை, அந்த அளவுக்கு எங்களுக்குப் புத்தி இருந்தது. ஆனால் முப்பது மரமும் எரிந்த பிறகு சூளைக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. கிரெவாசியோ வீட்டு மரம் மட்டும் பாக்கி. மாகிரேதா பிறந்த வருஷம் எனெலேசி நட்ட மரம். அவன் ஊரில் இல்லை. நிலம் என் தங்கையுடையது, அவளுக்குப் பிறகு பொறுப்பு என்னுடையது. ஊர் முழுக்கக் கொடுத்திருக்கும்போது மாப்பிள்ளை வீடு மட்டும் கொடுக்கவில்லை என்ற பேச்சு அவனுக்கு வரக் கூடாது என்று நினைத்தேன். கோடரியை நானே எடுத்தேன். மாகிரேதா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனிடம் எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்த பிள்ளை.

அவன் திரும்பி வந்தபோது சூளை கடைசி நாள் புகைந்துகொண்டிருந்தது. மலைத் திருப்பத்திலேயே புகையைப் பார்த்திருக்கிறான். ஓடி வந்திருக்க வேண்டும், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சூளைக்கு முன்னால் வந்து நின்றான். துக்கத்துக்கு மொட்டையடித்த தலை. கையில் தாயின் பழைய துணி ஒரு மூட்டை.

நான் சிரித்த முகத்தோடு போனேன். "வா மாப்பிள்ளை. ஒரு கல்லுகூட வேகாம இல்ல. சுண்டுனா வெங்கலம் மாதிரி சத்தம் வருது. உன் வெள்ளைக்காரன் நூறு வருஷம் படுத்தாலும் அசையாது."

அவன் சூளையைப் பார்த்தான். ஊரைத் திரும்பிப் பார்த்தான். வாசலுக்கு வாசல் வெட்டின அடிமரம். அவன் பார்வை போன இடத்துக்கு என் பார்வையும் போனது. அப்போதுதான் எனக்கே ஊர் அவ்வளவு வெளிச்சமாக இருப்பது தெரிந்தது.

"எனெலேசி மரமுமா?" என்றான்.

"அதுவுந்தான். உன் பேருல நானே வெட்டிக் குடுத்தேன்."

மூட்டையைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நீங்க எப்பவும் நல்லதுக்குத்தான் செய்யறீங்க மச்சான்."

"எப்பவும்" என்ற அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருந்தது. அதைச் சொன்னபோதும் அவன் குரலில் கோபம் இல்லை. சோர்வுதான் இருந்தது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். நான் சூளையோரம் உட்கார்ந்தேன். ஐந்து வருஷமாகக் காத்திருந்தது வந்துவிட்டது. நான் நினைத்த மாதிரி அது என்னை லேசாக்கவில்லை.

தாவினா அம்மாள் வருகிற நாளுக்கு முந்தின நாள் அக்கா எங்களைக் கூப்பிட்டாள். நாங்கள் செய்த காரியத்தால் விடுதியே போய்விடும் என்பது அவளுக்கும் அதற்குள் விளங்கியிருந்தது.

"சுட்ட கல்லு மேல சேறு பூசிட்டா யாருக்குத் தெரியும்? அடிமரத்து மேல சருகைக் குவிச்சிடலாம். பூச்சி அரிச்சுது, வெட்டுனோம்னு சொல்லலாம்," என்றாள். அவள் குரலிலும் உறுதி இல்லை.

"வேண்டாம் அக்கா," என்றான் கிரெவாசியோ.

"அப்ப வீடு? பொம்பளைங்க வீடு? அதுக்குத்தானே இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்துனீங்க மாப்பிள்ளை?"

"பொய் சொல்லிக் கட்டுனா, அந்தம்மா என்னைக்கோ ஒரு நாள் கண்டுபிடிக்கும். அன்னைக்கு அங்க ஒருத்தி வலியோட உக்காந்திருப்பா. அவளுக்கு மாவு நின்னுபோகும்."

அக்கா அழுதாள். தலைவி அழுது நான் பார்த்தது எனெலேசி செத்தன்று ஒரு முறை, அன்று ஒரு முறை.

மறுநாள் தாவினா அம்மாள் வண்டியிலிருந்து இறங்கின உடனேயே நின்றுவிட்டாள். கிரெவாசியோ பேச வாயெடுத்தான். நான் அவனைப் பின்னுக்குத் தள்ளினேன். நிலத்துக்குப் பொறுப்பாளி நான், பேச வேண்டியவனும் நான்தான்.

"அம்மா, அந்த மனுஷன் ஊர்ல இல்ல. கல்லைச் சுடச் சொன்னது நான். மரத்தை வெட்டச் சொன்னதும் நான். உங்க முன்னாடி சரின்னு சொன்ன அதே வாய்தான்."

"ஏன்?" என்றாள்.

"வர்றவங்க மேல சுவரு விழுந்துடக் கூடாதுன்னு."

அவள் திட்டவில்லை. ஒரு அடிமரத்தின் மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். நகரத்தில் இருக்கிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று தனக்குத் தெரியவில்லை என்றாள். சங்கத்து விதி விதிதான், தன்னால் கையெழுத்துப் போட முடியாது. வெட்டின மரத்துக்குப் பதில் கன்று நட்டு, அது மூன்று மழைக்காலம் நின்றால், அப்போது மறுபடி எழுதிப் பார்க்கலாம். இதைச் சொல்லிவிட்டுக் கிரெவாசியோவின் நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

ஒரு வாரம் அவன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. எட்டாம் நாள் காலையில் என் வாசலில் நின்றான்.

"உங்க மாட்டு வண்டி வேணும் மச்சான்."

"எதுக்கு?"

"கல்லு இருக்கு. சுட்ட கல்லு. விருந்தாளிக்கு ஆகாது. பிரசவத்துக்குப் போற பொம்பளைக்கு ஆகும்ல?"

இருபதாயிரம் கல்லையும் மலை தாண்டிக் கொண்டுபோனோம். வண்டியில் ஏற்றினது பாதி, தலையில் சுமந்தது பாதி. என் தலையிலும் சுமந்தேன். ஆண்கள் தலையில் சுமக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது, பெண்கள் கேலி செய்தார்கள். "பொறுப்பாளிக்குச் சும்மாடு சுத்தத் தெரியல, யாராச்சும் சொல்லிக் குடுங்கடி" என்றார்கள். அந்தப் பக்கத்துத் தலைவர் சுகாதார நிலையத்தை ஒட்டி இடம் கொடுத்தார். நான்கு அறை, ஒரு அடுப்படி. மழைக்கு முன்னால் சுவர் எழும்பிவிட்டது.

அந்தத் தை மாதம் மோசமாக இருந்தது. வாசலில் மாங்காய் இல்லை, தோப்புக் காய் முப்பத்தொரு வீட்டுக்கும் இரண்டு வாரம்கூடக் காணவில்லை. பிள்ளைகள் பழக்கத்தில் அடிமரத்தடிக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்புவார்கள். பார்க்க முடியாது. அப்படியும் முப்பத்தொரு வீடும் முறை வைத்து அந்த வீட்டுக்கு ஒரு தட்டு மாவு கொடுத்தது. சில வாரம் தட்டு நிறையாது. விடுதி இருந்திருந்தால் இந்தப் பாடு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். என்னிடம் யாரும் சொல்லவில்லை, நானே தினம் சொல்லிக்கொண்டேன்.

சமைக்க ஆள் இல்லை என்றபோது கிரெவாசியோ போய் உட்கார்ந்துவிட்டான். கர்ப்பிணிகளுக்கு நடுவே ஆம்பளை களி கிண்டுகிறான் என்று இரண்டு ஊரிலும் சிரித்தார்கள். "எனெலேசி இருந்தா, உன் புருஷனுக்கு எத்தனையாவது மாசம்னு அவகிட்ட கேப்பாங்க" என்று நானும் ஒரு நாள் சொன்னேன். அவன் துடுப்பை நிறுத்தாமல், "அவ இருந்தா நான் ஏன் இங்க வர்றேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஊருக்கு வருவான். வாசலுக்கு வாசல் நட்ட மாங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவான். வெட்டின அடிமரங்களில் சிலது தளிர்த்திருந்தது, எனெலேசி மரமும்தான். அதற்கு முள் வேலி கட்டினான். பிறகு தோப்புக்குப் போய், சாய்ந்த முளைக்குச்சிகளை நிமிர்த்தி அடிப்பான். ஒரு அச்சும் ஒரு குடம் தண்ணீருமாக உட்கார்ந்து நாற்பது ஐம்பது பச்சைக்கல் அறுத்து வைப்பான். மூன்று மழைக்காலத்தில் இரண்டு முடிந்திருந்தது.

போன அறுவடைக்கு முன்னால் மாகிரேதா அந்த வீட்டுக்குப் போனாள். இருபது வயது, தலைப்பிள்ளை. அவள் கணவன் புகையிலைத் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தான். கிளம்புவதற்கு முன் என் முன்னால் மண்டியிட்டு உத்தரவு கேட்டாள். கொடுத்தேன். போவதற்குத்தான் கொடுத்தேன். மேற்கொண்டு என்ன என்று அவள் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அந்த முறை அவ்வளவு ஆழமாக எங்களுக்குள் ஊறியிருந்தது.

பதினோரு நாள் கழித்து, நான் சோளக்காட்டில் இருந்தபோது, கிரெவாசியோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்புக்கு ஓடினேன்.

"பொண்ணு பொறந்திருக்கு மச்சான்," என்றான். "நேத்து. பிள்ளை குறுக்கே கிடந்துச்சு, அவ அம்மாவுக்கு இருந்த மாதிரியே. மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல கொண்டு போய் ஆபரேஷன் பண்ணுனாங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." கொஞ்சம் நிறுத்தினான். "நர்ஸம்மா காகிதத்தை நீட்டுனாங்க. பொறுப்பாளி யாருன்னு கேட்டாங்க. நான் உங்களுக்கு ஆள் அனுப்பல. நானே கையெழுத்துப் போட்டுட்டேன். எனக்கு அந்த உரிமை கிடையாது, தெரியும். திட்டுறதுன்னா திட்டிக்குங்க."

எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பிறந்த எந்தப் பிள்ளையின் சேதியும், பிறந்து முடிந்த பிறகு என்னிடம் வந்ததில்லை; வலி எடுத்ததுமே என் வாய்ச்சொல்லுக்கு ஆள் வந்துவிடும். அதுதான் முதல் தடவை. கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. அவன் முன்னால் அழக் கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை. அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எப்ப வலி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"கோழி கூவுறப்ப."

"எப்ப கிளம்புனீங்க?"

"அப்பவே மச்சான்," என்றான் கிரெவாசியோ. "யாருக்காகவும் நிக்கல."